நின்று போன ஃபிளாப்பி டிரைவை ஓட வைப்பது எப்படி?

மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



பேரவைச் செயலாளர் வந்து, "ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் குடு" என்று கேட்டபோது கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அம்மா, நட்பு, மழை என்று எல்லாத் தலைப்பிலும் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். எனவே எனக்குத் தெரிந்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டு ஒரே ஒருத்தருக்காவது பயன்பட்டால் போதும்.

"ஃபிளாப்பியா? அது செத்து எத்தனை வருஷம் ஆச்சு!" என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதலாம் ஆண்டு பாடத்தில் ஒரு பாராவாக வந்தது, இரண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு மார்க் கேள்வி ஒரு நாள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது.

அடுப்பு வரைக்கும் வந்த பிரச்சனை

எங்கள் வீடு சூலூரில். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா முன்பு தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தாங்க. நான்கு வருடமாக ஒரு சின்ன எம்பிராய்டரி யூனிட்டில் ஹெல்பராக இருக்காங்க. நூல் மாற்றுவது, அறுந்த நூலைக் கோர்ப்பது, பிசிறு வெட்டுவது எல்லாம் அம்மா வேலை. இரண்டு பேருமே பத்தாம் வகுப்பு வரை போனதில்லை. பாலிடெக்னிக் படி ஏறின முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான்.

அந்த யூனிட்டில் இருப்பது ஒரே ஒரு ஜப்பான் மெஷின். 12 ஹெட். பழைய மெஷினாக வாங்கிப் போட்டது. ஒரு தடவை டிசைனை ஏற்றிவிட்டால் 12 துணியில் ஒரே நேரத்தில் ஒரே பூவைத் தைத்துத் தள்ளும். அந்த டிசைன் எங்கிருந்து வருகிறது? மெஷின் பக்கவாட்டில் இருக்கும் மூன்றரை அங்குல ஃபிளாப்பி டிரைவிலிருந்துதான்.

போன தீபாவளிக்கு முந்தின மாதம் அந்த டிரைவ் நின்றுவிட்டது. டிசைன் பெயர் திரையில் வரும். ஏற்றச் சொன்னால் பாதியில் "கட கட" என்று சத்தம் போட்டுவிட்டு எர்ரர் காட்டும். சின்ன டிசைன் சில சமயம் ஏறும், பெரியது ஏறவே ஏறாது. பார்க்க வந்த மெக்கானிக் ஒருத்தர், "கண்ட்ரோல் போர்டே போச்சுங்க, மாத்தணும்னா நாப்பதாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஓனர் அண்ணா மெஷினையே எடைக்குப் போட்டுவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

மெஷின் போனால் ஒரு ஆபரேட்டருக்கும் இரண்டு ஹெல்பருக்கும் வேலை போச்சு. அதில் ஒரு ஹெல்பர் எங்கம்மா. என்னுடைய அடுத்த செமஸ்டர் ஃபீஸ் அந்தச் சம்பளத்தில்தான்.

அன்று ராத்திரி சோறு போடும்போது அம்மா கேட்டாங்க: "ஏன் கண்ணு, நீ இந்தப் படிப்புத்தானே படிக்கறே? ஒருக்கா வந்து பாரேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் "தெரியாது" என்று சொல்ல வாய் வரவில்லை.

ஃபிளாப்பிக்குள் என்ன இருக்கிறது?

பழுது பார்ப்பதற்கு முன் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அட்டையில் ஓட்டை போட்டு டிசைனைச் சேமிப்பது நம் ஊர் நெசவாளிகளுக்குப் புதிதல்ல. ஜக்கார்டு அட்டை என்று சிறுமுகைப் பக்கம் போனால் பார்க்கலாம். 1804-ல் பிரான்ஸ் நாட்டு ஜோசப் மேரி ஜக்கார்டு செய்த அதே யோசனைதான். ஓட்டை இருந்தால் நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹோலரித் என்பவர் ஓட்டை அட்டையையே பயன்படுத்தினார். பிறகு பல காலம் கம்ப்யூட்டரும் அட்டையில்தான் ஓடியது. அந்த அட்டைக்கு அடுத்து வந்த சாதனங்களில் ஒன்றுதான் ஃபிளாப்பி. 1971-ல் ஐ.பி.எம். கம்பெனி 8 அங்குல ஃபிளாப்பியைக் கொண்டுவந்தது. 1976-ல் ஷுகார்ட் கம்பெனி ஐந்தேகால் அங்குலத்தையும், 1980-களின் தொடக்கத்தில் சோனி மூன்றரை அங்குலத்தையும் கொண்டுவந்தன. ஆக தறியிலிருந்து கிளம்பின சமாச்சாரம் சுற்றிச் சுற்றி மறுபடி துணிக்கே வந்திருக்கிறது!

பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது காந்தப் பொடி பூசின மெல்லிய வட்டத் தகடு. அது நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு 200 மில்லி செகண்ட். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஹெட் அதைத் தொட்டுக்கொண்டே படிக்கும். ஹார்டு டிஸ்க்கில் ஹெட் தகட்டைத் தொடாமல் மிதக்கும். ஃபிளாப்பியில் தொடும். இந்த "தொடும்" என்ற சொல்லை ஞாபகம் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தகட்டில் 80 வட்டப் பாதைகள். இவற்றுக்கு ட்ராக் என்று பெயர். ஒரு ட்ராக்குக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.19 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஹெட்டை ஒவ்வொரு ட்ராக்காக நகர்த்துவது ஒரு ஸ்டெப்பர் மோட்டார். அதன் தண்டில் மரை போட்டிருக்கும். மோட்டார் ஒரு படி திரும்பினால் ஹெட் ஒரு ட்ராக் நகரும்.

இதில் ஒரு வேடிக்கை. தான் எந்த ட்ராக்கில் நிற்கிறோம் என்பது ஹெட்டுக்குத் தெரியாது! அதனால் முதலில் வெளி ஓரத்துக்குப் போய் நிற்கும். அங்கே ஒரு ஒளி சென்சார் "இதுதான் ட்ராக் 0" என்று சொல்லும். அங்கிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு உள்ளே போகும். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, போர்டு படிக்கத் தெரியாமல் ஸ்டாப்பை எண்ணிக்கொண்டே சூலூர் வருகிற மாதிரி. எங்கள் பாட்டி அப்படித்தான் வருவார். நடுவில் ஒரு ஸ்டாப்பை விட்டுவிட்டால் அவ்வளவுதான், வேறு ஊரில் இறங்கிவிடுவார். டிரைவும் அப்படியே.

நான் செய்த தப்பு

முதல் ஞாயிற்றுக்கிழமை யூனிட்டுக்குப் போனேன். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் மல்டிமீட்டரும். ஓனர் அண்ணா, "வாங்க அம்மிணி, பாருங்க" என்று மரியாதையாகச் சொல்லி ஸ்டூல் எடுத்துப் போட்டார். அதிலேயே எனக்குப் பாதித் தலை கனத்துவிட்டது.

டிரைவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த ஃபிளாப்பியை எடுத்துப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். எர்ரர். மறுபடி போட்டேன். எர்ரர். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. நடுவில் "கீச்" என்று ஒரு சன்னமான சத்தம் கேட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கடைசியில் டிசைன் பெயர்கூடத் திரையில் வரவில்லை.

ஃபிளாப்பியை வெளியே எடுத்து உலோக மூடியைத் தள்ளிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், வெளி ஓரமாக, பளபளவென்று ஒரு வளையம். காந்தப் பூச்சு சுரண்டிப் போயிருந்தது. ஹெட்டில் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து ஒட்டியிருந்த அழுக்கு உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிட்டது.

அந்த ஃபிளாப்பியில் இருந்தது ஒரு பள்ளிக்கூடச் சீருடைக்கான சின்னம். அடுத்த வாரம் டெலிவரி. வேறு காப்பி கிடையாது. மறுபடி டிசைன் போட வேண்டுமென்றால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும் என்று ஆபரேட்டர் அண்ணா சொன்னார். ஓனர் ஒன்றும் திட்டவில்லை. "சரி, வெள்ளிக்கெழமை வரைக்கும் பார்க்கலாம். அதுக்கு மேல என்னால முடியாதுங்க" என்றார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பிசிறு வெட்டிக்கொண்டே இருந்தாங்க. வீட்டுக்கு வந்து சீட்டுப் பணத்தில் ஆயிரத்து ஐந்நூறு எடுத்துத் தனியாக வைத்தாங்க. "அப்பாகிட்டச் சொல்லாதே" என்றாங்க.

நண்பர்களே, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வையுங்கள்: சந்தேகமான டிரைவில் ஒரிஜினல் ஃபிளாப்பியைப் போடாதீர்கள். போனாலும் பரவாயில்லை என்கிற ஒன்றைத்தான் முதலில் போட வேண்டும். அதற்கும் முன்னால் ஹெட்டைத் துடைக்க வேண்டும்.

முறையாகப் பார்ப்பது எப்படி?

திங்கட்கிழமை டிரைவைக் கழற்றி, துணியில் சுற்றி, டிபன் பாக்ஸ் பையில் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டு வந்தேன். எங்கள் லேப் ஆசிரியர் சொல்லித்தந்த வரிசை இது. கண், கரண்ட், கேபிள், ஹெட், மரைத் தண்டு, சென்சார். எளிதானது முதலில், கஷ்டமானது கடைசியில்.

1. கண்ணால் பாருங்கள். மேல் தகட்டைக் கழற்றினால் எல்லாம் தெரியும். எங்கள் டிரைவுக்குள் ஒரு சின்னக் குருவிக் கூடு கட்டலாம், அவ்வளவு பஞ்சு! சூலூர், சோமனூர், பல்லடம் பக்கம் எந்த மெஷினைத் திறந்தாலும் பஞ்சு இருக்கும், ஆச்சரியமில்லை. மெல்லிய பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும்.

2. கரண்ட் பாருங்கள். பவர் கனெக்டரில் நான்கு ஒயர். சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பும் எர்த். மூன்றரை அங்குல டிரைவ் பெரும்பாலும் 5 வோல்ட்டில் மட்டுமே ஓடும். சும்மா இருக்கும்போது அளந்தால் போதாது. மோட்டார் சுற்றும்போது அளக்க வேண்டும். அப்போது வோல்ட் இறங்கினால் குற்றம் பவர் சப்ளையில்.

3. கேபிள் பாருங்கள். 34 பின் கேபிள். ஓரத்தில் சிவப்புக் கோடு இருப்பது 1-ஆம் பின். திருப்பிப் போட்டுவிட்டால் டிரைவ் விளக்கு போட்டவுடனேயே எரிந்து அணையாமலே நிற்கும். இது ஃபிளாப்பி உலகத்தின் மிகப் பிரபலமான தவறு.

4. ஹெட்டைத் துடையுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், சுத்தமானதாக. பஞ்சு சுற்றின குச்சியைவிடக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி நல்லது, நார் விடாது. மேல் ஹெட்டைக் கொஞ்சமாகத்தான் தூக்க வேண்டும். அதிகம் தூக்கினால் அதைத் தாங்கும் மெல்லிய ஸ்பிரிங் வளைந்துவிடும். வளைந்தால் டிரைவ் போச்சு. எங்கள் கீழ் ஹெட்டில் துணி வைத்து எடுத்தபோது காப்பிப் பொடி நிறத்தில் அழுக்கு வந்தது. அது அழுக்கு மட்டுமல்ல, அந்தச் சின்னத்தின் ஒரு பகுதியும்தான்.

5. தனியாக ஓட்டிப் பாருங்கள். இதுதான் நம் துறைக்காரர்களுக்குப் பிடித்த பகுதி! கம்ப்யூட்டரே இல்லாமல் டிரைவைச் சோதிக்கலாம். ஒற்றைப்படை எண் பின் எல்லாம் எர்த். இரட்டைப்படை பின்னில் சிக்னல். சிக்னலை எர்த்தோடு தொட்டால் "ஆன்" என்று அர்த்தம். பின் 16 மோட்டாருக்கு. டிரைவைத் தேர்ந்தெடுக்கப் பின் 10 அல்லது 12. இரண்டையும் எர்த் செய்தால் விளக்கு எரிந்து மோட்டார் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் பின் 8-ல் ஒரு பல்ஸ் வரும். அதை சி.ஆர்.ஓ.வில் பார்த்தால் 200 மில்லி செகண்டுக்கு ஒன்று வர வேண்டும்.

எனக்கு ஒன்றுமே வரவில்லை! டிரைவ் செத்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். லேப் உதவியாளர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, புல்-அப் போட்டியா?" என்று கேட்டார். டிரைவின் வெளியீடு எல்லாம் ஓப்பன் கலெக்டர். வெளியிலிருந்து ஒரு ரெசிஸ்டர் 5 வோல்ட்டுக்குப் போட்டால்தான் சிக்னல் மேலே ஏறும். ஒரு கிலோ ஓம் போட்டேன். டக்கென்று 200 மில்லி செகண்டில் அழகாக வந்தது. ஓப்பன் கலெக்டர் பற்றிப் பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதினவள் நான்!

6. ஹெட் நகர்கிறதா பாருங்கள். பின் 20-ல் ஒரு பல்ஸ் கொடுத்தால் ஹெட் ஒரு ட்ராக் நகரும். பின் 18 எர்த் ஆனால் உள்பக்கம், விட்டால் வெளிப்பக்கம். ஒயரால் தட்டித் தட்டிப் பல்ஸ் கொடுத்தால் ஒரு தட்டுக்கு இரண்டு மூன்று பல்ஸ் போய்விடும். நான் 555 டைமர் வைத்து மெதுவாகக் கொடுத்தேன். ஹெட் வெளி ஓரத்துக்கு வந்ததும் பின் 26 கீழே இறங்கியது. ஆக ட்ராக் 0 சென்சார் நன்றாக இருக்கிறது. பிறகு உள்ளே அனுப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழெட்டு ட்ராக் தாண்டியதும் ஹெட் நின்ற இடத்திலேயே நடுங்கியது. மோட்டார் உறுமுகிறது, ஹெட் போகவில்லை.

கண்டுபிடித்தாயிற்று! மரைத் தண்டில் இருந்த பழைய கிரீஸ் பஞ்சோடு சேர்ந்து மெழுகு மாதிரி இறுகிவிட்டது. ஏன் முதல் ஏழெட்டு ட்ராக் மட்டும் ஓடியது? யூனிட்டில் ஒரு ஃபிளாப்பிக்கு ஒரு டிசைன்தான் வைப்பார்கள். டிசைன் சின்னதாக இருந்தால் வெளி ட்ராக்குகளிலேயே முடிந்துவிடும். ஹெட் தினமும் போய் வந்த தூரம் வரை கிரீஸ் இளகி இருந்தது. போகாத இடத்தில் கட்டிவிட்டது. சின்ன டிசைன் ஏறி, பெரிய டிசைன் ஏறாத மர்மம் இதுதான். கண்ட்ரோல் போர்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பழைய கிரீஸை ஆல்கஹாலில் முழுசாகத் துடைத்துவிட்டு, மெல்லிய வெள்ளை கிரீஸ் பல் குத்தும் குச்சி நுனியளவு தடவினேன். தையல் மெஷின் எண்ணெய் பக்கத்திலேயே இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது வழிந்து ஹெட்டுக்கு வரும், பஞ்சையும் இழுக்கும். அதே மாதிரி ஸ்டெப்பர் மோட்டாரின் திருகைத் தொடவே கூடாது. அது அரை முடி அளவு நகர்ந்தாலும் ட்ராக் விலகிவிடும். அப்புறம் அந்த டிரைவ் தான் எழுதினதைத் தானே படிக்கும், மற்ற டிரைவ் எழுதினதைப் படிக்காது.

உக்கடத்து டிரைவ் ஏன் ஓடவில்லை?

நடுவில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஒரிஜினல் சரியாகாவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, உக்கடம் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் கம்ப்யூட்டரில் கழற்றின டிரைவ் ஒன்றை வாங்கி வந்து மெஷினில் மாட்டிப் பார்த்தேன். விளக்குகூட எரியவில்லை. ஆனால் அதே டிரைவ் எங்கள் துறை ஸ்டோர் ரூமில் உள்ள பழைய கம்ப்யூட்டரில் ஜோராக ஓடியது!

காரணம் இரண்டு. ஒன்று, கம்ப்யூட்டரில் கேபிளின் 10 முதல் 16 வரை உள்ள ஒயர்களை முறுக்கி வைத்திருப்பார்கள். அதற்கு ஏற்றாற்போல் கம்ப்யூட்டர் டிரைவ் எல்லாம் "இரண்டாவது டிரைவ்" என்றே அமைத்து வரும். எங்கள் மெஷினில் கேபிள் நேராக இருக்கிறது. அது "முதல் டிரைவ்" என்று கூப்பிடுகிறது. கூப்பிட்ட பெயர் தன்னுடையது இல்லை என்று டிரைவ் சும்மா இருக்கிறது. இரண்டாவது, பின் 34. கம்ப்யூட்டர் டிரைவ் அதில் "ஃபிளாப்பி மாற்றப்பட்டது" என்று சொல்லும். இந்த மாதிரி மெஷின்கள் பலவும் அதில் "நான் தயார்" என்ற சிக்னலை எதிர்பார்க்கும். சில டிரைவில் சின்ன ஜம்பரை மாற்றினால் இரண்டும் சரியாகும். சிலவற்றில் வழியே இல்லை. எனவே மாற்று டிரைவ் வாங்கும் முன் ஜம்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு பொறி ஃபிளாப்பியிலேயே இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் ஓட்டை இருந்தால் அது 720 கிலோபைட், இரண்டு மூலையிலும் இருந்தால் 1,440 கிலோபைட். (ட்ராக் 80, பக்கம் 2, செக்டார் 18, ஒவ்வொன்றிலும் 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். 720-ல் செக்டார் 9 மட்டும்.) பழைய மெஷின்கள் பல 720-ஐத்தான் படிக்கும். அது கிடைக்காததால் பெரியதன் ஓட்டையில் டேப் ஒட்டி ஓட்டுவார்கள். அன்றைக்கு ஓடும். ஆனால் அந்தத் தகட்டின் காந்தப் பூச்சு வேறு. சில மாதத்தில் எழுதினது மங்கிவிடும். அவசரத்துக்குச் செய்யலாம், பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது.

போன டிசைன் திரும்பி வந்த கதை

டிரைவ் புதன்கிழமை சரியாகிவிட்டது. ஆனால் அந்தச் சின்னம்? பளபள வளையம் என் கண்ணிலேயே நின்றது. அப்போதுதான் ஒரு யோசனை.

720 கிலோபைட் டாஸ் ஃபிளாப்பியில் முதல் 14 செக்டாரில் டிசைனே கிடையாது. அங்கே இருப்பது அட்டவணை மட்டும். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு. அதில் முதல் 9 செக்டார் ட்ராக் 0-ன் கீழ்ப் பக்கம். மீதி மேல் பக்கம். என் ஃபிளாப்பியில் சுரண்டினது கீழ்ப் பக்கத்து வெளி வளையம் மட்டும். அதாவது புத்தகத்தில் பொருளடக்கத்தைத்தான் கிழித்திருக்கிறேன், பாடத்தை இல்லை!

உக்கடத்து டிரைவை ஸ்டோர் ரூம் கம்ப்யூட்டரில் மாட்டினேன். அது பாழானாலும் பரவாயில்லை அல்லவா? லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராமை வைத்து ஒவ்வொரு செக்டாராகப் படிக்க வைத்தேன். முதல் 9 செக்டார் போனது போனதுதான். 10-வது முதல் எல்லாம் வந்தது.

டிசைன் ஃபைல் டி.எஸ்.டி. என்ற அமைப்பில் இருந்தது. டாஜிமா கம்பெனி கொண்டுவந்த அமைப்பு, இன்று ஏறக்குறைய எல்லா எம்பிராய்டரி மெஷினும் அதைப் படிக்கும். அதன் தலைப்பு 512 பைட். அதிலேயே மொத்தம் எத்தனை தையல் என்று எழுதியிருக்கும். ஒரு தையலுக்கு 3 பைட். எங்கள் சின்னத்தில் 24,300 தையல். 72,900-ஓடு 512 சேர்த்தால் 73,412 பைட். செக்டார் கணக்கில் 144. அந்த ஃபிளாப்பியில் இருந்தது ஒரே டிசைன் என்பதால் எல்லாம் அடுத்தடுத்து வரிசையாகவே இருந்தது. 15-வது செக்டாரிலிருந்து 144 செக்டாரை அப்படியே வெட்டி எடுத்து, புது ஃபிளாப்பியில் எழுதினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் காலேஜ் விட்டு நேராக யூனிட்டுக்குப் போனேன். டிரைவை மாட்டினேன். முதலில் காலி ஃபிளாப்பி. அப்புறம் ஒரு பழைய பூ டிசைன். கடைசியில் சின்னம். திரையில் 24,300 என்று எண் வந்தது. ஆபரேட்டர் அண்ணா வேஸ்ட் துணியைப் போட்டு ஸ்டார்ட் அமுக்கினார். 12 ஹெட்டும் ஒன்றாக இறங்கின. கடைசித் தையல் வரைக்கும் நான் மூச்சு விடவில்லை.

ஓனர் அண்ணா துணியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாப்பதாயிரம்னானுங்க..." என்று மட்டும் சொன்னார். அம்மா அந்தத் துணியை வாங்கிப் பிசிறு வெட்டினாங்க. வேஸ்ட் துணிக்கு யாரும் பிசிறு வெட்ட மாட்டார்கள். அந்தத் துணி இப்போது எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு மறுபடி சீட்டுக்கே போனது.

அடுத்த இரண்டு ஞாயிறும் யூனிட்டில் இருந்த ஃபிளாப்பி எல்லாவற்றையும் காப்பி எடுத்தேன். 46-ல் 44 வந்தது. இரண்டில் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. பிறகு டிரைவ் இருந்த இடத்தில் பென் டிரைவ் போடுகிற எமுலேட்டரை மாட்டிவிட்டோம். அதிலும் பின் 34 ஜம்பரை மாற்ற வேண்டியிருந்தது. பழைய டிரைவ் இப்போது ஸ்பேராகப் பஞ்சு படாத டப்பாவில் இருக்கிறது.

அறிகுறியும் காரணமும்

வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

விளக்கு அணையாமல் எரிகிறது: கேபிள் திருப்பிப் போட்டிருக்கிறது.

விளக்கே எரியவில்லை: பவர் இல்லை, அல்லது டிரைவ் எண் ஜம்பர் தவறு.

தொடக்கத்திலேயே "கட கட" என்று முட்டுகிறது: ட்ராக் 0 சென்சாரில் தூசி.

பாதியில் நிற்கிறது: மரைத் தண்டில் கிரீஸ் இறுகியிருக்கிறது.

ஃபிளாப்பி மாற்றியும் பழைய ஃபைல் பட்டியலே வருகிறது: பின் 34 சிக்னல் வரவில்லை.

படிக்கிறது, எழுத மறுக்கிறது: எழுதாத் தடை சென்சாரில் அழுக்கு.

தன் ஃபிளாப்பியை மட்டும் படிக்கிறது: ஹெட் அலைன்மெண்ட் விலகியிருக்கிறது.

"கீச்" சத்தம்: உடனே நிறுத்துங்கள்!

ஐந்தேகால் அங்குல டிரைவ் கிடைத்தால் ஒரு சுவையான சோதனை உண்டு. பெல்ட் போட்ட பழைய டிரைவின் அடியில் சக்கரத்தில் கறுப்புக் கோடுகள் இருக்கும். நம் ஊர் கரண்ட் 50 சைக்கிள், சோக் போட்ட பழைய டியூப் லைட் செகண்டுக்கு 100 தடவை மினுக்கும். சக்கரம் செகண்டுக்கு 5 சுற்று. எனவே 20 கோடு உள்ள வளையம் டியூப் லைட் வெளிச்சத்தில் அசையாமல் நிற்பது போலத் தெரிந்தால் வேகம் சரி. கோடு நகர்ந்தால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது வேகத்தைத் திருத்த வேண்டும். எல்.இ.டி. விளக்கில் இது சரியாகத் தெரியாது.

நாம் மட்டுமல்ல

ஃபிளாப்பியை வைத்து ஓட்டினது நம் ஊர் யூனிட் மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் அணு ஆயுதப் படை 8 அங்குல ஃபிளாப்பியை விட்டது 2019-ல்தான். விமானப்படைத் தளம் இருக்கும் ஊர்க்காரர்கள் நாம், தலைக்கு மேல் விமானம் போனால் அண்ணாந்து பார்ப்போம். பெரிய போயிங் 747-400 விமானங்களில் வழிகாட்டும் தகவலை 28 நாளைக்கு ஒரு தடவை மூன்றரை அங்குல ஃபிளாப்பியில்தான் ஏற்றினார்கள் என்பது 2020-ல் வெளியில் தெரிந்தது. சோனி 2011-ல் ஃபிளாப்பி விற்பதை நிறுத்திவிட்டது. அந்த ஜப்பானிலேயே அரசாங்க விதிகளிலிருந்து ஃபிளாப்பி முழுசாக நீங்கியது 2024-ல்.

மெஷினின் இரும்பு முப்பது வருஷம் உழைக்கும். அதற்குள் இருக்கும் டிரைவ் அவ்வளவு நாள் வராது. வாங்க ஆளில்லாததால் கம்பெனி செய்வதை நிறுத்திவிடும். நடுவில் மாட்டிக்கொள்வது நூல் கோர்க்கும் எங்கம்மா மாதிரி ஆட்கள். அந்த இடைவெளியை அடைப்பதற்கு டிப்ளமோ படித்த நம்மைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் துறை ஸ்டோர் ரூமில் பழைய கம்ப்யூட்டர் நான்கும், ஐந்தேகால் டிரைவ் இரண்டும், ஒரு பெட்டி ஃபிளாப்பியும் கிடக்கின்றன. இந்த வருடம் அவற்றை எடைக்குப் போடப் போவதாகக் கேள்விப்பட்டேன். பேரவை சார்பில் கேட்டு அவற்றை நிறுத்தி வைக்க வேண்டும். ஒரு மேஜை, ஒரு சி.ஆர்.ஓ., சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் போதும். ஜூனியர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லித்தரத் தயார். சுற்று வட்டாரத்தில் இப்படி நின்று போன மெஷின் வைத்திருப்பவர்கள் யாராவது வந்தால் அவர்களுக்கும் பார்த்துக் கொடுக்கலாம்.

புல்-அப் போடச் சொன்ன லேப் உதவியாளருக்கும், டிரைவை நம்பிக் கொடுத்த ஓனர் அண்ணாவுக்கும், "ஒருக்கா வந்து பாரேன்" என்று சொன்ன என் அம்மாவுக்கும் நன்றி.